கிணறு வெட்டிய கணக்கு

கொங்கு நாட்டுப் புன்செய் நிலம் ஒன்றின் பழைய கிரயப் பத்திரத்தை எடுத்து நிதானமாகப் படிக்கிற ஒருவர், நான்கெல்லைகளையும் ஏக்கர், சென்ட் விஸ்தீரணத்தையும் சொல்லி முடித்த பிறகு, பத்திரம் எழுதினவர் மறவாமல் சேர்த்திருக்கும் ஒரு வாசகத்தைக் காண்பார். காட்டிலுள்ள கிணற்றில் இத்தனையில் இத்தனை பாகமும், முறைப்படி நீர் இறைத்துக்கொள்ளும் பாத்தியமும், வண்டித் தடமும், மாமூல் வழிநடையும் இந்தக் கிரயத்தில் சேர்ந்தவை என்று அது சொல்லும். பூமிக்கு எல்லை சொன்னால் போதுமாயிருக்க, கிணற்றுக்கு மட்டும் பங்கு சொல்ல வேண்டி வந்தது ஏன் என்று யோசித்தால், நில வரியின் சரித்திரத்திலுள்ள மிகப் பழைய வழக்கொன்று அந்த ஒரு வரியிலே அடங்கிக் கிடப்பது தெரியவரும். பூமி யாரும் உண்டாக்காமல் முன்பே இருந்தது. கிணறோ, யாரோ ஒரு பாட்டனார் கடன் வாங்கிப் பாறையை உடைத்து, அண்ணன் தம்பிகளைக் கூட்டு வைத்துக்கொண்டு, பல வருஷக் கோடைகளிலே தோண்டி உண்டாக்கியது.

நிலத்துக்கு வரி வாங்கும் அரசு, இயற்கை தந்த பூமியையும் மனிதன் அதில் போட்ட முதலையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டுமா, அப்படிப் பார்த்தால் பின்னதற்குரிய பாகத்தை வரியிலிருந்து கழித்துக் கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி, இந்திய நாட்டில் இரண்டாயிரம் ஆண்டுகளாக ஏதாவது ஒரு ரூபத்தில் கேட்கப்பட்டு வந்திருக்கிறது. அதற்கு ஒவ்வொரு காலத்து அரசும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறது: அபிவிருத்தி செய்தவனுக்கே அதன் பலன் சேர வேண்டும் என்பதே அந்தப் பதில். ஆனால் அந்தப் பதிலைச் சொல்வதற்கு அரசு தேர்ந்தெடுத்த தருணம் மட்டும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தைத் தொடர்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பரிஹாரம் என்ற சொல்

தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த ஏட்டுப் பிரதியிலிருந்து, மைசூர் சாம சாஸ்திரிகள் 1909ஆம் ஆண்டில் பதிப்பித்து வெளியிட்ட கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில், இன்றைய வரிச் சட்டத்தைப் படித்தவர் உடனே அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய ஒரு விதி இருக்கிறது. ஏரியும் அணையும் புதிதாகக் கட்டுபவனுக்கு ஐந்தாண்டும், பாழாகிக் கைவிடப்பட்டவற்றைப் பழுது பார்ப்பவனுக்கு நான்காண்டும், செடி கொடி மண்டிப்போனவற்றைத் துப்புரவு செய்பவனுக்கு மூன்றாண்டும், மேட்டு நிலத்தைச் சாகுபடிக்குக் கொண்டுவருபவனுக்கு இரண்டாண்டும் வரி நீக்கம் உண்டு என்பது அதன் சாரம். தரிசைத் திருத்தியவனிடமிருந்து அந்த நிலத்தைப் பறிக்கலாகாது என்று நூல் வேறோரிடத்தில் கூறுகிறது. அபிவிருத்தியை வகை பிரித்து, உழைப்பும் முதலும் அதிகமானதற்கு அதிக காலமும் குறைவானதற்குக் குறைந்த காலமும் அளித்திருக்கும் இந்தப் படிவரிசை, யாரோ ஒரு கணக்கறிந்த உத்தியோகஸ்தரின் கைவேலையாகத் தோன்றுகிறது.

அந்த வரி நீக்கத்துக்கு நூலிலுள்ள பெயர் பரிஹாரம். பல்லவர் செப்பேடுகளிலும் தானமாக அளித்த ஊருக்கு எந்தெந்த வரிகள் நீக்கப்பட்டன என்று அடுக்கிச் சொல்லும் பகுதியில் இதே சொல் வருகிறது. இப்போது ஜோசியரிடமும் கோயில் வாசலிலும் மாத்திரமே கேட்கும் இச்சொல், ஒரு காலத்தில் வரிக் கணக்கிலே வழங்கிய சொல்லாயிருந்தது. அந்தப் பழைய பரிஹாரத்தின் இலக்கணத்தில் இரண்டு அம்சங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அது காலவரையறை உடையது. அரசன் தன் பங்கை நிரந்தரமாக விட்டுக்கொடுக்கவில்லை, போட்ட முதலை மீட்டெடுக்க அவகாசம் மட்டும் கொடுத்தான். இரண்டாவது, அது வேலை நடந்த உடனே, மண்வெட்டியின் ஈரம் உலர்வதற்கு முன்பே தொடங்குவது. ஏரி கட்டியவன் நிலத்தை விற்கும் நாள் வரை காத்திருக்க வேண்டும் என்று அர்த்தசாஸ்திரம் சொல்லவில்லை.

தோட்டத் தீர்வை

1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் பிரதேசம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, அங்கே தீர்வை ஏற்பாடு செய்ய அனுப்பப்பட்ட அலெக்ஸாண்டர் ரீடும், அவருடைய உதவியாளராயிருந்து பிற்காலத்தில் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோவும், இடையில் ஜமீன்தார் இன்றி உழுகிறவனோடு சர்க்கார் நேரே கணக்கு வைத்துக்கொள்ளும் ரயத்துவாரி முறைக்கு அஸ்திவாரமிட்டார்கள். அவர்கள் எதிரே இருந்த நிலம் நன்செய், புன்செய் என்ற இரண்டு வகுப்புக்குள் அடங்குவதாயில்லை. சேலம், கோயம்புத்தூர்ப் பகுதிகளில் கிணற்றுப் பாசனத்தால் விளையும் புன்செய்க்குத் தோட்டம் என்று பெயர்; அதற்கு மானாவாரிக் காட்டைவிட அதிகமான தீர்வை விதிக்கும் வழக்கம் முன்னமே இருந்தது, கம்பெனியும் அதைக் கைக்கொண்டது.

இந்தத் தோட்டத் தீர்வையில்தான் வழக்கின் முழு உருவமும் வெளிப்படுகிறது. பக்கத்துப் பக்கத்தில் ஒரே மண்ணாக இருக்கும் இரண்டு காடுகளில், ஒருவன் கிணறு வெட்டிக் கமலை பூட்டி இறைத்து ராகியும் புகையிலையும் எடுக்க, மற்றவன் வானம் பார்த்துக் கம்பு விதைத்துக்கொண்டிருந்தால், முன்னவனிடமிருந்து அதிகமாக வாங்கும் தீர்வை எதற்கு வாங்கும் தீர்வை? மண்ணின் தரத்துக்கு என்று சொல்ல முடியாது, மண் ஒன்றே. ஆகவே அது அவனுடைய கிணற்றுக்கும், எருதுகளுக்கும், விடியுமுன் எழுந்து வடம் பிடிக்கும் அவன் குடும்பத்தாரின் கைகளுக்கும் விதித்த தீர்வையாகிறது. கிணறு வெட்டினால் தீர்வை ஏறும் என்று தெரிந்த குடியானவன், பக்கத்துக் காட்டுக்காரனைப் போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதே விவேகம் என்று தீர்மானித்தால் அவனைக் குறை சொல்ல இடமில்லை.

இதே காலத்தில் இங்கிலாந்தில் பொருளாதார சாஸ்திரமும் இந்த வழியாகவே சிந்தித்தது. 1817இல் வெளியான நூலில் டேவிட் ரிக்கார்டோ, நிலத்தின் வாரம் என்பது மண்ணுக்கு இயல்பாயுள்ள அழியாச் சக்திக்குக் கிடைப்பது மட்டுமே என்றும், நிலத்தில் போட்ட மூலதனத்துக்குக் கிடைக்கும் பலன் வாரமாகாமல் லாபமாகும் என்றும் பிரித்துக் காட்டினார். அவருடைய நண்பரான ஜேம்ஸ் மில் 1819 முதல் கம்பெனியின் லண்டன் காரியாலயத்தில் வேலை பார்த்தவர். ஆகையால் இந்தத் தத்துவம் புத்தக அலமாரியோடு நின்றுவிடாமல் இந்தியாவுக்குச் செல்லும் கடிதங்களிலும் இடம் பெற்றது. அரசுக்கு உரியது வாரம், குடிக்கு உரியது லாபம் என்று சொல்வது சுலபம். விளைந்து நிற்கும் ஒரு வயலைப் பார்த்து எத்தனை கதிர் மண்ணால் விளைந்தது, எத்தனை கதிர் கிணற்றால் விளைந்தது என்று எண்ணிப் பிரிப்பதுதான் கடினம்.

சென்னை ராஜதானி இந்தச் சிக்கலை ஓர் எளிய உபாயத்தால் தீர்த்துக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி, மண்ணின் வகையையும் தரத்தையும் மட்டும் பார்த்துத் தீர்வையை நிர்ணயிப்பது, ரயத்து தன் சொந்தச் செலவில் செய்த அபிவிருத்திக்காக அதை உயர்த்தாமலிருப்பது என்ற கொள்கை நிலைபெற்றது; முப்பது வருஷத்துக்கு ஒரு முறை நடந்த செட்டில்மெண்டுகளின் போக்கில் தோட்டத் தீர்வையும் மறைந்தது. இதற்கு ஒரு விலக்கு உண்டு. சர்க்காருக்குச் சொந்தமான ஆறு, வாய்க்கால், ஏரி இவற்றின் நீரைப் பயன்படுத்தினால், அது நேரே பாய்ந்து வந்தாலும் கசிந்து வந்தாலும், 1865ஆம் ஆண்டின் 7ஆவது சட்டப்படி தண்ணீர்த் தீர்வை கொடுக்க வேண்டும். ஏரிக்கரையின் அடியில் கிணறு தோண்டிவிட்டு அதைச் சொந்த அபிவிருத்தி என்று சாதிக்க நினைத்தவருக்கு, அந்த நீர் யாருடைய நீர் என்ற வியாஜ்யம் காத்திருந்தது.

பஞ்சம் எழுதிய சட்டம்

1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சம், கிணற்றைக் குறித்த விவாதத்தைக் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்து உயிர்ப் பிரச்சினையாக்கிற்று. மழை பொய்த்த வருஷத்தில் கிணறுள்ள காடு ஏதோ கொஞ்சம் விளைந்தது என்பதைக் கண்ணாரக் கண்ட பிறகு, கிணறு ஒரு குடியின் சொந்த லாபத்துக்கான வசதி என்று மட்டும் கருத யாருக்கும் மனம் வரவில்லை. ரிச்சர்ட் ஸ்ட்ராச்சி தலைமையிலான பஞ்சக் கமிஷன் 1880இல் அறிக்கை தந்தது. அதைத் தொடர்ந்து, 1871ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் இடத்தில், 1883ஆம் ஆண்டின் நில அபிவிருத்திக் கடன் சட்டம் வந்தது. தக்காவிக் கடன் என்று நம் தாலுகா கச்சேரிகளில் வழங்கிய கடனுக்கு ஆதாரமான சட்டம் இதுவே.

நில அபிவிருத்தி என்றால் என்ன என்று இந்தச் சட்டம் தரும் விளக்கம், சுருக்கத்திலும் முழுமையிலும் பின்வந்த வரிச் சட்டங்கள் பலவற்றைவிட மேலானது. விவசாயத்துக்கு வேண்டிய நீரைத் தேக்கவும் வழங்கவும் கிணறு, குளம் முதலியன அமைத்தல். நிலத்தைப் பாசனத்துக்குத் தக்கபடி பண்படுத்தல். தேங்கும் நீரை வடியச் செய்தல், ஆற்றிலிருந்து நிலத்தை மீட்டல், வெள்ளத்தினின்றும் மண்ணரிப்பினின்றும் காத்தல். தரிசைத் திருத்தல், முள்ளும் புதரும் வெட்டி அகற்றல், வேலியிடல். இவற்றைப் புதுப்பித்தலும் மாற்றிக் கட்டலும் என்று அது வரிசைப்படுத்துகிறது. அதைவிட முக்கியமானது 11ஆம் பிரிவு. இந்தச் சட்டப்படி பெற்ற கடனைக் கொண்டு நிலத்தை அபிவிருத்தி செய்தால், அதனால் ஏறிய மதிப்பை நிலத் தீர்வையை மறுநிர்ணயம் செய்யும்போது கணக்கில் கொள்ளக்கூடாது என்பது அதன் விதி. தரிசு திருத்தியதும், புன்செய்த் தீர்வை விதித்த நிலத்துக்குப் பாசனம் ஏற்படுத்தியதும் மட்டும் இதற்குப் புறம்பு. அவற்றில் விதிகளால் குறிக்கும் காலம் கடந்தபின் அந்த மதிப்பைக் கணக்கில் கொள்ளலாம். கௌடில்யரின் காலவரையறையுள்ள பரிஹாரம் ஆங்கிலச் சட்டத்தின் நடையில் மறுபடியும் பிறந்தது போலவே இது இருக்கிறது.

சர்க்காருக்கும் ரயத்துக்கும் நடுவே நிலச்சுவான்தார் நின்ற பிரதேசங்களிலும் இதே வழக்கு நடந்தது. 1908ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, ரயத்து தன் சொந்தச் செலவில் செய்த அபிவிருத்தியால் விளைச்சல் பெருகினாலும் பயிர் மாறினாலும், எந்த வழக்கமும் ஒப்பந்தமும் மாறாகச் சொன்னபோதிலும், ஜமீன்தார் அதற்காக அதிக வாரம் கேட்க முடியாது என்று கூறிற்று. அப்போது சென்னை ராஜதானியின் ஒரு ஜில்லாவாயிருந்த மலபாரிலோ, குழியெடுத்துத் தென்னையும் பலாவும் நட்டு வளர்க்கும் குடிக்குக் குழிக்காணம் என்ற தனிப் பாத்தியமே உண்டு. குடியை வெளியேற்ற விரும்பும் நிலச் சொந்தக்காரரான ஜன்மி, அவன் நட்ட மரங்களுக்கும் செய்த வேலைகளுக்கும் நஷ்ட ஈடு கொடுத்த பிறகே வெளியேற்றலாம் என்று 1887ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 1900ஆம் ஆண்டுச் சட்டமும் விதித்தன. எதிரே நிற்பவர் சர்க்காரானாலும் ஜமீன்தாரானாலும் ஜன்மியானாலும் நியாயம் ஒன்றாகவே இருந்தது. அது பேசியதும் நிலம் உழவில் இருக்கும்போதே, உழுகிறவன் அதில் நிற்கும்போதே.

வரி இல்லை, ஆகவே கழிவும் இல்லை

1860இல் ஜேம்ஸ் வில்சன் இந்தியாவில் முதன்முதல் வருமான வரியைக் கொண்டுவந்தபோது, விவசாய வருமானமும் அதனுள் அடங்கியிருந்தது. நிலத் தீர்வையும் கொடுத்து வருமான வரியும் கொடுப்பது ஒரே தோளில் இரண்டு சுமையை ஏற்றுவதாகும் என்ற ஆட்சேபம் வலுத்து, 1886ஆம் ஆண்டுச் சட்டத்தில் விவசாய வருமானத்துக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அந்த விலக்கு இன்றும் நிலைத்திருக்கிறது. அரசியல் சாசனம், விவசாய வருமானத்தின்மீது வரி விதிக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு ஒதுக்கியது. சென்னை மாநிலம் 1955இல் தோட்டப் பயிர்களின் வருமானத்துக்கு அத்தகைய வரியொன்றை விதித்தது.

விவசாய வருமானம் எது என்பதை நிர்ணயிப்பதிலும் பழைய வழக்கே வேறு வேஷத்தில் வந்து நின்றது. காட்டில் தானாக முளைத்த மரத்தை வெட்டி விற்ற வருமானம் விவசாய வருமானமாகுமா என்ற கேள்வியை 1957இல் ராஜா பினய குமார் சஹஸ் ராய் வழக்கில் விசாரித்த உச்ச நீதிமன்றம், உழுதல், விதைத்தல், நடுதல் போன்ற அடிப்படைக் காரியங்களை மனிதன் தன் உழைப்பாலும் திறமையாலும் நிலத்தின்மீதே செய்திருக்க வேண்டும் என்றும், அவை ஒன்றும் இல்லாமல் களையெடுத்தல், காவல் முதலிய பின்காரியங்களைச் செய்தது மட்டும் போதாது என்றும் தீர்ப்பளித்தது. இயற்கை தந்தது எது, மனிதன் கை பட்டது எது என்ற அந்தப் பழைய பிரிவினையின் மீதே விலக்கின் முழுப் பாரமும் நிற்கிறது.

இந்த விலக்கு நன்மையாயினும் அதற்கு ஒரு விளைவு உண்டு. வருமானத்துக்கு வரியே இல்லாத இடத்தில் செலவைக் கழிக்கக் கேட்பதற்கு இடமில்லை. மாதச் சம்பளமும் வாங்கிக்கொண்டு ஊரிலே காடும் வைத்திருக்கிற ஒருவர், அந்தக் காட்டில் வரப்பு உயர்த்திய செலவையும் சொட்டுநீர்க் குழாய் போட்ட செலவையும் சம்பளத்திலிருந்து கழித்துக்கொள்ள முடியாது. கே. என். ராஜ் கமிட்டி 1972இல் அளித்த யோசனையை ஒட்டி 1973இல் வந்த ஏற்பாட்டின்படி, விவசாய வருமானம் 5,000 ரூபாய்க்கு மேற்பட்டு, மற்ற வருமானமும் வரி விலக்கு வரம்பைத் தாண்டினால், விவசாய வருமானத்தைச் சேர்த்து வரி விகிதத்தை மட்டும் கணக்கிடுகிறார்கள். அந்தச் சிறு கணக்கில் மோட்டாரின் தேய்மானம் முதலான செலவுகளுக்கு இடமுண்டு. விவசாய நஷ்டத்தை எட்டு வருஷம் வரை பின்வரும் விவசாய வருமானத்தோடு நேர்செய்யவும் வழியுண்டு.

தேய்மானம் என்ற இடத்தில் ஒரு சுவையான செய்தியைச் சொல்லாமல் போக முடியாது. வருமான வரி விதிகளிலுள்ள தேய்மான அட்டவணையில், கட்டடம் என்ற சொல்லுக்குள் சாலை, பாலம், மதகு இவற்றோடு கிணறும் ஆழ்துளைக் கிணறும் அடங்கும் என்று குறிப்பு இருக்கிறது. தரைக்கு மேலே எழுப்பியது கட்டடமென்றால் தரைக்குக் கீழே குடைந்ததும் கட்டடமே என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. நிலத்துக்கோ தேய்மானம் கிடையாது. கட்டடத்தோடு சேர்ந்தேயிருந்தாலும் அதன் அடியிலுள்ள மனையின் விலைக்குத் தேய்மானம் கேட்க முடியாது என்று 1967இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ரிக்கார்டோ வகுத்த கோட்டை, அவர் பெயரைக் கேள்விப்படாத கணக்கர் ஒருவர் தேய்மானப் பட்டியல் போடும்போது நாள்தோறும் கிழித்துக்கொண்டிருக்கிறார். தேயிலைத் தோட்டத்தின் கணக்கும் இதைச் சேர்ந்ததே: தேயிலை வளர்த்துத் தயாரித்து விற்கும் வருமானத்தில் நூற்றுக்கு 40 பங்குக்கு மத்திய வரி உண்டு, முன்பே நட்ட பரப்பில் பட்டுப்போன செடிக்கு மாற்றாக நட்ட செலவு அந்தக் கணக்கில் கழிவு பெறும். பழையதைக் காப்பது செலவு, புதியதைப் படைப்பது மூலதனம் என்பதே இங்குள்ள நியாயம்.

விவசாய வருமானத்துக்கும் வரி வாங்கும் அமெரிக்க நாட்டில் ஏற்பாடு நேர் எதிராக இருக்கிறது. மண்ணரிப்பைத் தடுக்கவும் நீரைக் காக்கவும் நிலத்தைச் சமன்படுத்துவது, வடிகால் வெட்டுவது போன்ற செலவுகளை, 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் 175ஆம் பிரிவின்படி, விவசாய மொத்த வருமானத்தில் நூற்றுக்கு 25 பங்கு வரை, செய்த வருஷத்திலேயே கழித்துக்கொள்ளலாம். மீதியைப் பின்வருஷங்களுக்குக் கொண்டுபோகலாம். 1986 முதல், அரசு ஒப்புக்கொண்ட பாதுகாப்புத் திட்டத்துக்கு இணங்கச் செய்த வேலைக்கே இந்தச் சலுகை. நிலத்தை வாங்கிய ஐந்து வருஷத்துக்குள் லாபத்துக்கு விற்றுவிட்டால், அந்த லாபத்தின் அளவுக்கு, கழித்துக்கொண்ட தொகை முழுவதும் சாதாரண வருமானமாகத் திரும்பிவிடும். பிறகு படிப்படியாகக் குறைந்து பத்தாண்டில் அந்தப் பொறுப்பு தீரும். நிலத்தில் தங்கி உழுகிறவனுக்கே சலுகை, விற்றுவிட்டுப் போகிறவனுக்கு இல்லை என்பது அந்நாட்டு விதியின் போக்கு.

நகரம் நெருங்கும்போது

நம் நாட்டில் அபிவிருத்திச் செலவு வரிக் கணக்கிலே முதன்முதலாகப் பேசத் தொடங்குவது, நிலத்தை விற்கும் நாளில்தான். மூலதன ஆதாய வரி 1947இல் வந்து, 1949இல் போய், 1956இல் திரும்பி வந்தது. விவசாய நிலம் அதற்கு உட்படாமலே இருந்து வந்தது. 1970ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், நகரத்துக்குள்ளும் நகரத்தை ஒட்டியும் இருக்கும் விவசாய நிலத்தை மாத்திரம் மூலதனச் சொத்தாக்கி, கிராமத்து நிலத்தை முன்போலவே விட்டுவைத்தது. கிராமம் எங்கே முடிகிறது என்பதை இப்போது 2013ஆம் ஆண்டுத் திருத்தம் அளந்து சொல்கிறது. ஜனத்தொகை 10,000க்கு மேல் ஒரு லட்சம் வரையுள்ள நகராட்சியின் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர், ஒரு லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையானால் 6 கிலோமீட்டர், அதற்கு மேற்பட்டால் 8 கிலோமீட்டர் என்று, பாதையின் வளைவு நெளிவுகளை விட்டுப் பறவை பறக்கும் நேர்க்கோட்டில் அளந்து, அதற்கு அப்பாலுள்ள விவசாய நிலமே கிராமத்து நிலமாகும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, பொள்ளாச்சியின் எல்லையைவிட்டு 3 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தோப்பு கிராமத்துத் தோப்பு. கோயம்புத்தூர் மாநகராட்சியின் எல்லையைவிட்டு 7 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சோளக்காடு, அதில் மாடு மேய்ந்தாலும் மயில் அகவினாலும், மூலதனச் சொத்து.

கோட்டுக்கு அப்பாலுள்ள நிலத்தை விற்றால் வரியில்லை. ஆகவே அங்கே வெட்டிய கிணற்றின் செலவைக் கேட்பாரில்லை. கோட்டுக்கு உள்ளே இருப்பவருக்கு, விற்ற விலையிலிருந்து வாங்கிய கிரயத்தையும் விற்பனைக்கான செலவையும் கழிப்பதோடு, அபிவிருத்திச் செலவையும் கழிக்கும் பாத்தியம் உண்டு. சொத்துக்குப் புதிதாக ஒன்றைச் சேர்க்கவோ அதை மாற்றியமைக்கவோ செய்த மூலதனச் செலவே அபிவிருத்திச் செலவாகும். கிணறு வெட்டுதல், ஆழப்படுத்துதல், பாறை உடைத்துச் சமன்படுத்துதல், கம்பி வேலி, கல் வரப்பு இவையெல்லாம் அதில் அடங்கத்தக்கவை. வருஷந்தோறும் உழவு ஓட்டுவதும், எரு அடிப்பதும், வாய்க்கால் செதுக்குவதும் அந்தந்த வெள்ளாமையோடு தீர்ந்துபோகும் நடைமுறைச் செலவுகள். பரம்பரையாகவோ தானமாகவோ வந்த நிலமானால், தகப்பனார் செய்த செலவும் மகனுடைய கணக்கிலே சேரும் என்பது இந்தச் சட்டத்தின் மனிதத்தன்மையுள்ள ஓர் அம்சம். 2001 ஏப்ரல் 1க்கு முற்பட்ட அபிவிருத்திகளைத் தனியே கழிக்க முடியாது. எனினும் அதற்கு முன்பே கைக்கு வந்த நிலத்துக்கு, அந்தத் தேதியில் இருந்த சந்தை மதிப்பைக் கிரயமாக வைத்துக்கொள்ளச் சட்டம் இடங்கொடுப்பதால், கிணறுள்ள காட்டுக்கு அன்றே இருந்த உயர்ந்த மதிப்பின் வழியாகப் பாட்டனார் வெட்டிய கிணறும் மறைமுகமாக உள்ளே வந்துவிடுகிறது. அந்த மதிப்பு அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது என்ற நிபந்தனை மட்டும் உண்டு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதன் பலன் விளங்கும். ஒருவர் 2005-06இல் 6 லட்சம் ரூபாய்க்கு இத்தகைய நிலத்தை வாங்கி, 2012-13இல் 4 லட்சம் செலவில் கிணற்றை ஆழப்படுத்தி வேலியும் போட்டு, 2024 டிசம்பரில் 40 லட்சத்துக்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். 2024 ஜூலை 23க்குப் பிறகு நடந்த விற்பனைக்கு, குறியீட்டெண் உயர்வு இன்றி நூற்றுக்கு 12.5 வரி. அந்தத் தேதிக்கு முன் வாங்கிய நிலத்தை விற்கும் இந்தியவாசிகளான தனி நபருக்கும் கூட்டுக் குடும்பத்துக்கும், விலைவாசிக் குறியீட்டெண்ணால் செலவை உயர்த்திக்கொண்டு நூற்றுக்கு 20 என்ற பழைய கணக்கில் வரி குறைவாக வந்தால், அந்தக் குறைந்த தொகையே போதும். குறியீட்டெண் 2005-06இல் 117, 2012-13இல் 200, 2024-25இல் 363. புதிய கணக்கில் ஆதாயம் 30 லட்சம், வரி 3,75,000 ரூபாய். பழைய கணக்கில் கிரயம் 18,61,538 ஆகவும் அபிவிருத்திச் செலவு 7,26,000 ஆகவும் உயர்ந்து, ஆதாயம் 14,12,462 ஆகி, வரி 2,82,492 ரூபாயாகிறது. அபிவிருத்திச் செலவை நிரூபிக்க முடியாமற் போனால், இரண்டு கணக்கில் குறைந்ததும் 4,25,000 ரூபாய். மேல்வரி முதலியவற்றை விட்டுவிட்டுப் பார்த்தாலும், 4 லட்சத்துக்குச் செய்த வேலையின் ரசீதுகளுக்கு 1,42,508 ரூபாய் மதிப்பு இருக்கிறது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும் இந்தத் தத்துவம் மாறவில்லை.

பிரமாணம்

ரசீது என்று எழுதும்போதே பேனா சற்றுத் தயங்குகிறது. கிணறு வெட்டுகிறவர்கள் நாள் கூலிக்கோ, இத்தனை அடிக்கு இத்தனை என்று பேசியோ வருவார்கள். வெடி வைப்பவருக்கும், கல் தூக்கும் யந்திரக்காரருக்கும், சோறு போட்டு, ரொக்கம் கொடுத்து அனுப்புவதே வழக்கம். கணக்கு எழுதியவர் இருந்தாலும் அது நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், பால் கணக்குக்குக் கீழே இருக்கும். இருபது வருஷம் கழித்து நிலத்தை விற்கும் மகன், வரி அதிகாரியின் முன் வைப்பதற்கு என்ன இருக்கிறது என்று தேடும்போது, அவனுக்குத் துணை நிற்பவை வேறு காரியத்துக்காக எழுதப்பட்ட காகிதங்களே: கூட்டுறவுச் சங்கத்தில் கிணற்றுக்கென்று வாங்கிய கடனின் பத்திரம், மோட்டாருக்கு மின்சார இணைப்புக் கொடுத்த கடிதம், ஆழ்துளை போட்ட வண்டிக்காரரின் பில், வங்கிக் கணக்கு. இவற்றோடு, ஒவ்வொரு பசலியிலும் எந்தப் பயிர், எந்தப் பாசனம் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதி வைக்கும் அடங்கலும் ஒரு சாட்சி. அதுவரை மானாவாரி என்றிருந்த பத்தியில் ஒரு வருஷம் கிணறு என்று மாறியிருந்தால், அந்த ஒரு சொல் ஒரு குடும்பத்தின் பல கோடைகளுக்குப் பிரமாணமாகிறது. ஆனால் எத்தனை ரூபாய் செலவாயிற்று என்று அடங்கல் சொல்லாது. அந்தப் பத்தி அதில் இல்லை.

இதில் ஓர் அநீதி ஒளிந்திருக்கிறது. யந்திரத்தைக் கொண்டு ஒப்பந்தக்காரரிடம் பில் வாங்கி வேலை செய்வித்தவருக்குக் கழிவு முழுவதும் கிடைக்கிறது. தன் கையாலும் மனைவி மக்கள் கையாலும் தோண்டியவருக்கு, கொடுக்காத கூலிக்கு ரசீது இல்லை என்பதால், உழைப்புக்குரிய பாகம் கிடைப்பதில்லை. ரயத்துவாரிக் காலத்துத் தீர்வை அதிகாரி கிணறு எத்தனை ரூபாய்க்கு வெட்டப்பட்டது என்று கேட்கவில்லை. தீர்வையை ஏற்றாமல் விட்டதோடு அவர் வேலை முடிந்தது. ஆகையால் அந்தச் சலுகை கைம்முதல் உள்ளவனுக்கும் கைத்திறன் மட்டும் உள்ளவனுக்கும் ஒன்றாகவே சென்று சேர்ந்தது.

கௌடில்யர் முதல் தக்காவிச் சட்டம் வரை வந்த பரிஹாரம், நிலம் விளைந்துகொண்டிருக்கையிலே, இன்னும் நன்றாக விளைய வேண்டும் என்பதற்காகக் கொடுக்கப்பட்டது. இன்றைய சட்டமோ, நிலத்தில் உழவு நடக்கும் வரை கிணற்றைப் பற்றிக் கேட்பதில்லை. வரியும் கேட்பதில்லை என்பதால் அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. நகரம் 8 கிலோமீட்டருக்குள் வந்து, மனைப் பிரிவுக்கு வரைபடம் போட்டு, கல் நட்டு, கடைசிக் கிரயம் எழுதும் நாளில்தான் அது முதன்முறையாகத் திரும்பி, இதில் நீ போட்ட முதல் எவ்வளவு என்று விசாரிக்கிறது. அந்தக் கிரயப் பத்திரத்தில் கிணற்றுப் பாகமும் இறைவை முறையும் மாமூல் வழிநடையும் இருப்பதில்லை; மனை எண்ணும் சதுர அடியும் இருக்கின்றன. கிணறு வரிக் கணக்கிலே ஏறுகிற அதே வாரத்தில், லாரியில் வந்த மண் அதைத் தூர்த்துக்கொண்டிருக்கும்.